ஒன்பது கிராம் உப்பு, ஒரு லிட்டர் நீர்

நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனால், “அவருக்கு உடம்புல உப்பு ஏறிடுச்சாம்” என்றுதான் அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். கருவுற்ற பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், “யூரின்ல உப்பு, சர்க்கரை பாக்கணும்மா” என்று செவிலியர் ஒரு சின்ன டப்பாவை நீட்டுவார். அவளே வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால், “உப்பைக் கம்மியா போட்டுக்க” என்பார் மாமியார். மூன்று இடத்திலும் ஒரே சொல். பொருள் மூன்றும் வேறு வேறு. முதலாவது, ரத்தத்தில் தேங்கிப்போகும் யூரியாவும் கிரியாட்டினினும். இரண்டாவது, சிறுநீரில் ஒழுகும் அல்புமின் என்ற புரதம். மூன்றாவதுதான் உப்பளத்திலிருந்து வரும் சோடியம் குளோரைடு.

இந்த மூன்று உப்புக்கும் நடுவே ஒரு மாத்திரை மாட்டிக்கொண்டு நிற்கிறது. மருந்துக்கடையில் அதற்கு ‘நீர் மாத்திரை’ என்று பெயர். கால் வீங்கினால் நீர் மாத்திரை. சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்று தோன்றினால் நீர் மாத்திரை. கிரியாட்டினின் கூடிவிட்டது என்று ஆய்வகச் சீட்டு சொன்னால், “நல்லா ஒண்ணுக்குப் போனா எறங்கிடும்” என்ற நம்பிக்கையில் அதே மாத்திரை. சிறுநீர் நிறையப் போவதையே சிறுநீரகம் நன்றாக இருப்பதன் அடையாளமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். இந்த நம்பிக்கை தவறு என்பதோடு, கடலூர் மாவட்டம் போன்ற ஓர் இடத்தில் ஆபத்தானதும்கூட. நீர் மாத்திரை வெளியேற்றுவது மூன்றாவது உப்பை, அதாவது சாப்பாட்டு உப்பை. நீர் அந்த உப்பின் பின்னால் போகிறது, அவ்வளவுதான். முதல் உப்பாகிய யூரியாவையும் கிரியாட்டினினையும் அது இறக்குவதில்லை. பல நேரங்களில் சற்றே ஏற்றியும் விடும். இதை விளங்கிக்கொண்டால் அந்த மாத்திரை யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அந்த 180 லிட்டரில் கரைந்திருக்கும் உப்பை மட்டும் எடுத்து நிறுத்தால் ஒன்றரைக் கிலோ வரும். ஒவ்வொரு நாளும் ஒன்றரைக் கிலோ உப்பு வடிகட்டியைத் தாண்டி இறங்குகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் நுண்குழல்களின் சுவர் வழியாக உடம்புக்கே திரும்பிவிடுகிறது. நாம் சாப்பிட்ட எட்டு, பத்து கிராம் மட்டும் சிறுநீரோடு வெளியே போகிறது. மூன்றில் இரண்டு பங்கு முதல் வளைவுக் குழலிலேயே மீட்கப்படுகிறது. கால் பங்கு அதற்கடுத்த ஊசிக்கொண்டை போன்ற வளைவில். மிச்சமிருக்கும் சிறு பங்கு கடைசிக் குழல்களில். ஒவ்வொரு நீர் மாத்திரையும் இந்த வழியில் ஏதோ ஓரிடத்தில் கதவை அடைத்து, உப்பு உடம்புக்குத் திரும்பாமல் தடுக்கிறது. ஃபுரோசமைடும் டோர்செமைடும் ஊசிக்கொண்டை வளைவில் அடைப்பவை, ஆகவே வலுவானவை. தயசைடு வகை அதற்கடுத்த குழலில். ஸ்பைரோனோலாக்டோன் கடைசியில்.

இப்போது வடிகட்டும் திறன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துபோன ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இறங்கும் உப்பு ஒன்றரைக் கிலோ அல்ல, 150 கிராம். ஆனால் அவர் வீட்டுச் சாப்பாட்டில் உப்பு குறைந்துவிடவில்லை. அதே பத்து கிராம். மிஞ்சியிருக்கும் நுண்குழல்கள் ஏற்கெனவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உப்பைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. முடியாமல் போகும் நாளிலிருந்து உப்பு உடம்பிலேயே தங்கத் தொடங்குகிறது. உப்பு தனியாகத் தங்காது. நம் ரத்தத்தின் உப்புத்தன்மை மாறாமல் இருக்க, ஒவ்வோர் ஒன்பது கிராம் உப்பும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருத்துவமனையில் ஏற்றும் உப்புநீர்க் குப்பியில் இருப்பதும் இதே கணக்குதான்: ஒரு லிட்டருக்கு ஒன்பது கிராம்.

அந்த ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் எங்கே போகிறது என்பதைக் காலில் பார்க்கலாம். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலை வைத்துப் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். நல்ல காலென்றால் தோல் உடனே எழும்பிவிடும். நீர் கோத்த காலில் விரல் பட்ட இடத்தில் சின்னக் குழி நிற்கும். பிசைந்து வைத்த மாவில் விரல் பதிந்தது போல. சில நேரம் அரை நிமிடம் கழித்தும் குழி மூடாது. செருப்பு வார் பதிந்த தடம், கணுக்காலில் கொலுசு பதிந்த வட்டம், காலையில் கண்ணிமை தடித்திருப்பது ஆகியவற்றைப் பெரும்பாலும் வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணையை உயர்த்தினால் தேவலை என்ற கட்டத்தில் நீர் நுரையீரல் வரை வந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் ஃபுரோசமைடு ஊசி உயிர்காக்கும் மருந்து. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இந்தக் கட்டுரை அந்த மருந்துக்கு எதிரானதல்ல.

ஆனால் அதே மருந்தை மாதக்கணக்கில் வீட்டில் சாப்பிடும்போது கணக்கு வேறு மாதிரி நடக்கிறது. ஃபுரோசமைடு மாத்திரை உள்ளே போன ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரத்தில் முடித்துவிடும். ‘லாசிக்ஸ்’ என்ற விற்பனைப் பெயரே ஆறு மணி நேரம் நிற்கும் என்ற ஆங்கிலச் சொற்களிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மிச்சமுள்ள பதினெட்டு மணி நேரம்? நுண்குழல்கள் இழந்த உப்பை மீட்கத் துடிக்கும். காலையில் மாத்திரை, மதியம் கடலூர் துறைமுகத்துக் கருவாட்டுக் குழம்பு, இரவு ஊறுகாய் வைத்துப் பழைய சோறு என்றால், காலையில் போன உப்பு இரவுக்குள் முழுசாகத் திரும்பி வந்திருக்கும். நூறு கிராம் உப்புக் கருவாட்டில் பத்து கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் அளவு மொத்தமே ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி. கருவாடு எங்கள் கரையோரத்து ஏழைகளின் புரதம். அதைச் சாப்பிடாதே என்று சொல்வது எளிது, சொல்பவர் வேறு புரதத்துக்கு வழி காட்டவும் வேண்டும். தேவனாம்பட்டினத்துக் கரையில் பிடித்த அன்றே குழம்புக்குப் போகும் நெத்திலிக்கும் உப்பில் ஊறிக் காய்ந்த நெத்திலிக்கும் உப்பில் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு உண்டு. அந்த ஒன்றைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மருந்தளவு ஏன் கூடுதலாக இருக்கிறது என்று வீட்டார் பயப்படுவதுண்டு. “பக்கத்து வீட்டுக்காரருக்கு இதய நோய்க்கு ஒரு மாத்திரை, எங்க அப்பாவுக்கு மூணா?” காரணம் இதுதான். ஃபுரோசமைடு ரத்தத்தில் அல்புமினைப் பற்றிக்கொண்டே பயணம் செய்கிறது. வடிகட்டி வழியாக அது இறங்குவது மிகக் குறைவு. முதல் வளைவுக் குழலின் சுவரில் உள்ள தூக்கிகள் அதை ரத்தத்திலிருந்து எடுத்துக் குழலுக்குள் போட வேண்டும். குழலுக்குள் போன பிறகுதான் அது கதவை அடைக்கும். நோய் முற்றியவரின் ரத்தத்தில் தேங்கிய கழிவு அமிலங்களும் அதே தூக்கிகளுக்காகப் போட்டியிடுகின்றன. ஆகவே ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே கொடுத்தால் மருந்து குழலை எட்டவே எட்டாது. ஒரு சொட்டும் கூடுதலாகப் பிரியாது. அந்த அளவைத் தாண்டினால் வேலை செய்யும். அதற்கும் மேலே ஏற்றினால் பலன் கூடாது, தீமை மட்டுமே கூடும். இதனால் இந்த மருந்தில் ‘பாதி மாத்திரை மூன்று வேளை’ என்பது பல நேரங்களில் வீண். முழு அளவை ஒரு வேளையோ இரண்டு வேளையோ கொடுப்பதுதான் பலன் தரும். வாய்வழி ஃபுரோசமைடு குடலில் உறிஞ்சப்படுவதும் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். டோர்செமைடு அந்த விஷயத்தில் சீரானது.

இன்னொரு தடையும் இருக்கிறது. இது பாடப்புத்தகத்தில் வராது. நெல்லிக்குப்பத்திலிருந்தோ அதற்கு உள்ளே இருக்கும் ஊர்களிலிருந்தோ ஒரு பெண் கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போக வேண்டும் என்றால் காலையிலேயே பேருந்து ஏற வேண்டும். மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்தில் அடக்க முடியாமல் சிறுநீர் வரும். பேருந்தில் எங்கே போவது? நிலையத்துக் கழிப்பறை இருக்கும் நிலையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் மட்டும் அவள் மாத்திரையை விட்டுவிடுகிறாள். மருத்துவர் வீங்கிய காலைப் பார்க்கிறார், மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டி எழுதுகிறார். “இன்னைக்கு மாத்திரை போட்டீங்களாம்மா?” என்று அவர் கேட்டாலொழிய இது வெளியே வராது. கூட்டிய அளவை வீட்டில் தவறாமல் சாப்பிட்டு நாலாம் நாள் தலைசுற்றி விழுந்தால், அந்தப் பழி மருந்துமேல் போய்விடும். வயலில் களையெடுக்கும் பெண்களுக்கும் இதே பாடுதான்.

நீர் மாத்திரை கொடுக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஓர் எடை பார்க்கும் கருவி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதில்லாமல் இந்த மருந்தைக் கொடுப்பது, அளவுகோல் இல்லாமல் துணி வெட்டுவது போன்றது. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன், அதே மாதிரி உடையில் நின்று பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறியிருந்தால் அது சதையல்ல, ஒரு லிட்டர் நீர். அதற்குள் ஒன்பது கிராம் உப்பு ஒளிந்திருக்கிறது. மூன்று நாளில் மூன்று கிலோ இறங்கி, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றால், மருந்து தேவைக்கு மேல் போய்விட்டது. அரிசிக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் வாரம் ஒரு முறை நின்று பார்க்கிற ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். எந்த ஆய்வகச் சீட்டையும்விட அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த எண்கள்தான் அவருடைய மருத்துவருக்கு உதவியாக இருந்தன.

சிறுநீரை அளந்து குறித்து வைக்கும் பழக்கம்தான் இந்த மருந்துகளின் வரலாற்றையே தொடங்கி வைத்தது. 1919 அக்டோபரில், வியன்னா நகரத்து மருத்துவமனை ஒன்றில், ஆல்ஃபிரெட் வோக்ல் என்ற மருத்துவ மாணவர் பிறவி மேகநோய் கண்ட ஓர் இளம்பெண்ணுக்குப் புதிதாக வந்த பாதரச ஊசியொன்றைப் போட்டார். நோய்க்காகப் போட்டதுதான். ஆனால் அங்கே செவிலியர்கள் நோயாளிகளின் சிறுநீர் அளவை ஒழுங்காகக் குறித்து வந்தார்கள். ஊசி போட்ட நாளில் அளவு திடீரென்று எகிறியிருந்ததை வோக்ல் பார்த்தார். மீண்டும் போட்டார், மீண்டும் எகிறியது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு உலகத்தில் இதய நோயாளிகளின் வீக்கத்துக்குப் பாதரசமே கதியாக இருந்தது, அது சிறுநீரகத்தையே கெடுக்கும் நஞ்சு என்று தெரிந்தும். 1949இல் போஸ்டனில் வில்லியம் ஷ்வார்ட்ஸ், சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்து சிறுநீரில் சோடியத்தை வெளியேற்றுவதைக் கண்டு, அதை வீக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த மூலக்கூறை மாற்றி மாற்றிச் செதுக்கி, கார்ல் பெயர், ஜேம்ஸ் ஸ்ப்ரேக், ஃபிரெடெரிக் நொவெல்லோ முதலானோர் மெர்க் நிறுவனத்தில் குளோரோதயசைடைக் கண்டார்கள். 1950களின் இறுதியில் அது சந்தைக்கு வந்தது. 1975இல் அவர்களுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. ரத்த அழுத்தத்துக்கு வாய்வழி மாத்திரை பரவலாக அது வழி செய்தது. ஃபுரோசமைடு 1960களில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனத்திலிருந்து வந்தது.

தயசைடு வகையைப் பற்றி ஒரு விதி நீண்ட காலம் சொல்லப்பட்டது: வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் அது வேலை செய்யாது, ஃபுரோசமைடுக்கு மாற்றிவிட வேண்டும். மாணவர் தலைமுறைகள் இதை மனப்பாடம் செய்தன. 2021 நவம்பரில் அமெரிக்காவின் இந்தியானாவிலிருந்து ராஜீவ் அகர்வால் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அந்த விதியைப் புரட்டிப்போட்டது. வடிகட்டும் திறன் 15க்கும் 29க்கும் இடையே இருந்த, ரத்த அழுத்தம் அடங்காத 160 பேர். பாதிப் பேருக்குக் குளோர்தாலிடோன், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 12 வாரத்தில் மருந்து எடுத்தவர்களின் மேல் அழுத்தம் 11 புள்ளி குறைந்தது. மற்றவர்களுக்கு அரைப் புள்ளி. சிறுநீரில் ஒழுகும் அல்புமினும் பாதியாக இறங்கியது. மலிவான, அறுபது ஆண்டு பழைய மாத்திரை. ஆனால் அதே ஆய்வில் கிரியாட்டினின் தற்காலிகமாக ஏறுவதும், பொட்டாசியம் குறைவதும், தலைசுற்றலும் மருந்துக் குழுவில் அதிகம் இருந்தன. ஏற்கெனவே ஃபுரோசமைடு வகையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கிரியாட்டினின் ஏற்றம் இன்னும் கூடுதல். 12.5 மில்லிகிராமில் தொடங்கி, நாலு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். ரத்தப் பரிசோதனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வரமுடிகிற ஒருவருக்கு இந்த வெற்றியை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட முடியாது.

தமிழ்நாட்டுக்கு இந்த மலிவு மாத்திரையோடு பழைய உறவு உண்டு. 1990களின் பிற்பகுதியில் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அமைப்பின் மூலம் சென்னையை ஒட்டிய கிராமங்களில் 25,000 பேர் கொண்ட பகுதியை எடுத்துக்கொண்டார். படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். அவர்கள் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் அமிலத்தைச் சேர்த்துப் புரதம் பார்த்தார்கள். அழுத்தம் உள்ளவர்களுக்கு ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரலசின். சர்க்கரை உள்ளவர்களுக்கு கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின். எல்லாம் சில காசு மருந்துகள். ஊரில் தலைக்கு ஆண்டுக்கு அரை டாலரைக்கூடத் தொடாத செலவில், மிகப் பெரும்பாலோருக்கு அழுத்தம் அடங்கியது. டயாலிசிஸ் எந்திரங்களைப் பெருக்குவதைவிடச் சிறுநீரகம் கெடாமல் பார்ப்பதுதான் ஏழை நாட்டுக்கு வழி என்று அவர் விடாமல் எழுதி வந்தார். அங்கே வேலை செய்தது மாத்திரை மட்டுமல்ல. மாதாமாதம் வீட்டு வாசலில் வந்து நின்ற அந்தப் பெண்களும்தான். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவரும்போது எனக்கு அந்த முன்னோடி முயற்சி நினைவுக்கு வருகிறது.

பொட்டாசியம் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்து விளைச்சல் முழுக்கப் பொட்டாசியம். ஃபுரோசமைடும் தயசைடும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுபவை. ஸ்பைரோனோலாக்டோன் அதைப் பிடித்து வைப்பது. ஸ்பைரோனோலாக்டோனும், ரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டான் வகையும் ஒன்றாகச் சேர்ந்து, சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் ஏறி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயம் நின்றுபோகலாம். இந்த நிலையில் உள்ளவரிடம் போய் “நீர் பிரியறதுக்கு வாழைத்தண்டுச் சாறு குடிங்க, இளநீர் குடிங்க” என்று சொல்வது நல்ல மனதோடு செய்யும் கெடுதல். வாழைத்தண்டும் இளநீரும் நல்ல சிறுநீரகத்துக்கு நல்லவை. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் அப்படித்தான். வைகாசியில் பலாச்சுளை வீடு முழுக்க மணக்கும்போது ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் ஒருவரைத் தள்ளி உட்காரச் சொல்வது கஷ்டம். ஆனால் அந்த மாதத்தில் அவருடைய பொட்டாசியத்தை ஒருமுறை பார்ப்பது கஷ்டமில்லை. 1999இல் இதய நோய்க்கு ஸ்பைரோனோலாக்டோன் நல்லது என்று பெரிய ஆய்வொன்று சொன்னதும் கனடாவில் அதை அள்ளி எழுதினார்கள். பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் அங்கே பலமடங்கு கூடினார்கள் என்று 2004இல் தெரியவந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் உடம்பில் உப்பு மிஞ்சியவர்களைப் பற்றி. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ள நிலையில், அவர்களே பெருந்தொகை. ஆனால் நெல்லிக்குப்பம் கரும்பு ஊர். 1842இல் இருந்து பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை இங்கே இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கரும்பு. தையில் அரவை சூடு பிடித்துச் சித்திரை, வைகாசி வரை வெட்டு நடக்கும். கட்டிங் ஆர்டர் வந்துவிட்டால் வெட்டாட்கள் விடியலிலேயே இறங்கிவிடுவார்கள். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் கரும்புக்குள் காற்று புகாது. கரும்புச் சோகை கையை அறுக்காமல் இருக்க வெயிலிலும் முழுக்கைச் சட்டை. குனிந்து அடிக்கட்டையில் வெட்டி, நிமிர்ந்து கொழுந்தை அரிந்து, கட்டுக் கட்டித் தலையில் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். ஒரு லிட்டர் வியர்வையில் ஒன்று முதல் நாலு கிராம் வரை உப்பு போகும். ஆறு, ஏழு லிட்டர் வியர்க்கும் நாளில் அவர் உடம்பு ஃபுரோசமைடு போட்ட உடம்பைவிட அதிக உப்பை இழக்கிறது, மாத்திரை எதுவும் இல்லாமலே.

நிகராகுவாவின் சிச்சிகல்பா வட்டாரத்திலும் எல் சால்வடோரிலும் கரும்பு வெட்டும் இளைஞர்கள் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் செயலிழந்து ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். இலங்கையில் அநுராதபுரம் பக்கத்து நெல் விவசாயிகளிடமும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே போன்ற காரணம் தெரியாத சிறுநீரக நோய். காரணம் பற்றிய விவாதம் ஓயவில்லை; கரும்புக் காடுகளைப் பொறுத்தவரை வெயிலும் நீரிழப்பும் முன்வரிசையில் நிற்கின்றன. 2023இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் மருத்துவர்கள் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் பாதிப் பேரிடம் வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

இந்தச் சிறுநீரகம் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் போன்றதல்ல. கெடுவது நுண்குழல்களும் அவற்றைச் சுற்றிய திசுவும். உப்பைப் பிடித்து வைக்கும் வேலையே அங்கே தளர்ந்துபோகிறது. ஆகவே கால் வீங்குவதில்லை. அழுத்தமும் பெரும்பாலும் ஏறுவதில்லை. பொட்டாசியம் பலருக்குக் குறைவாக இருக்கும். சிறுநீரில் புரதமும் சொற்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பட்டையை நனைத்துச் சிறுநீரில் ‘உப்பு’ பார்த்தால் நிறம் மாறாது. ‘உப்பு இல்லை, நல்லா இருக்கு’ என்று அனுப்பிவிடுவார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால்தான் பிடிபடும். தமிழ்நாடு அரசு பட்டைப் பரிசோதனையைப் பரவலாக்கியது நல்ல தொடக்கம். கரும்பு, நெல், உப்பளத் தொழிலாளர்களுக்கு அதனோடு ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

இப்படிப்பட்டவர் கிரியாட்டினின் இரண்டு என்ற சீட்டோடு யாரிடமோ போய், “சரியா ஒண்ணுக்குப் போகல” என்று சொல்ல, அவருக்கு நீர் மாத்திரை எழுதப்பட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே உப்பும் நீரும் வற்றிய உடம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் இறைக்கப்படும். அவருக்குச் சிறுநீர் குறைந்ததே வியர்வையில் எல்லாம் போய்விட்டதால்தான். இன்னொரு வழியாகவும் இது நடக்கிறது. லேசான ரத்த அழுத்தத்துக்கு நம் ஊரில் எழுதப்படும் பல மாத்திரைகளில் டெல்மிசார்டானோடு ஹைட்ரோகுளோரோதயசைடும் ஒரே வில்லையில் சேர்ந்திருக்கும். சாப்பிடுபவருக்கு அது ‘பிரஷர் மாத்திரை’. அதை விழுங்கிவிட்டுக் கரும்புக்குள் இறங்கி, சாயங்காலம் இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். டெல்மிசார்டான் வகை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் மூன்று பக்கமும் நெரிபடும். பிரிட்டனில் ஏறத்தாழ 4,87,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், இந்த மூன்றும் சேர்ந்தவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு 31 விழுக்காடு கூடுதல். வலி மாத்திரை சேர்ந்த முதல் முப்பது நாளில் 82 விழுக்காடு கூடுதல். அது பிரிட்டன் வெயில்.

ஆகவே மருந்துச் சீட்டு எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “என்ன வேலை செய்யறீங்க, இந்த மாசம் வெட்டு இருக்கா?” அரவைக் காலத்தில் நீர் மாத்திரையை நிறுத்துவதா, குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் கேள்வி எழ வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பாடு இறங்காத நாட்களிலும் அப்படித்தான். நீர் மாத்திரையையும் டெல்மிசார்டான் வகையையும், இப்போது சிறுநீரக நோய்க்கே பரவலாகக் கொடுக்கப்படும் டபாக்ளிஃப்ளோசினையும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சொல்லும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. எந்த மாத்திரையை, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, மாத்திரை டப்பாவிலேயே எழுதி ஒட்டி வைக்க வேண்டும். மழைக்கு மழை வெள்ளம் சூழ்ந்து, பின்னாலேயே வயிற்றுப்போக்கும் வரும் மாவட்டம் இது.

வீங்கிய கால் எல்லாமே நீர் மாத்திரைக்கு உரியதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையே சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அங்கே உப்பு மிஞ்சவில்லை. சிறு ரத்தக்குழாய்கள் விரிந்ததால் நீர் கசிகிறது, அவ்வளவுதான். அதற்கு ஃபுரோசமைடு கொடுத்தால் கால் வற்றாது, ரத்தம்தான் வற்றும். ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் விளைவான கிரியாட்டினின் ஏற்றத்துக்கு இன்னொன்று என்று சீட்டு நீளும் வீடுகள் நிறைய.

கடைசியாக, டயாலிசிஸுக்குப் போய்விட்டவர்களைப் பற்றி. “இனி நீர் மாத்திரை எதுக்கு?” என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுவது வழக்கம். சிறுநீர் அறவே நின்றுவிட்டவருக்கு அது சரி. ஆனால் வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிலும் வாரம் இரண்டு மூன்று முறை எந்திரத்துக்குப் போகிறவர்களிலும் பலருக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் பிரிந்துகொண்டிருக்கும். உயர்ந்த அளவு ஃபுரோசமைடு அந்தக் கொஞ்சத்தைக் கூட்டித் தருகிறது. அது சிறுநீரகத்தை மீட்டுத் தராது, கழிவைக் கூடுதலாக வடிக்காது. உப்பையும் நீரையும் மட்டும் எடுத்துச் செல்லும். டயாலிசிஸ் நோயாளி ஒரு நாளில் குடிக்கக்கூடிய நீரின் அளவை, முந்தைய நாள் பிரிந்த சிறுநீரோடு அரை லிட்டரைக் கூட்டித்தான் பெரும்பாலும் சொல்வார்கள். இன்னும் அரை லிட்டர் பிரிகிறது என்றால், அவருக்குச் சித்திரை வெயிலில் இரண்டு டம்ளர் தண்ணீர் கூடுதல்.